நாலாம் மன்றாட்டு



ஆத்தும காரியம் முந்தியதா, உலக காரியம் முந்தியதா என்று நம்மில் யாரைக் கேட்டாலும் உடனே பதில் வரும். ஆத்துமமே பெரிது, மற்றதெல்லாம் அதற்குப் பின்புதான் என்று ஞானோபதேசம் படிக்கும் சிறு பிள்ளைகூடத் தடுமாறாமல் சொல்லும். ஆனால் நம் பாஷையறியாத ஓர் அந்நியன் நம் வீட்டுத் திண்ணையில் ஒரு வாரம் தங்கி, நாம் எழுந்தது முதல் படுக்கும் வரையில் செய்வதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், இந்த வீட்டார் எதை முதலாவது வைத்திருக்கிறார்கள் என்று சொல்லுவான்? நம் வாய் சொல்லும் பதிலும், நம் நடத்தையைப் பார்த்து அவன் சொல்லும் பதிலும் ஒன்றாயிருக்குமா? இதை இந்த வாரம் சற்று நிதானமாய் யோசிப்போம்.

இதற்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. நாள்தோறும் நாம் சொல்லுகிற பரலோக மந்திரமே போதும். அதில் ஏழு மன்றாட்டுக்கள் உண்டு என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். முதலாவது, சர்வேசுரனுடைய நாமத்துக்குரிய மகிமை. இரண்டாவது, அவருடைய இராச்சியம். மூன்றாவது, அவருடைய சித்தம். அநுதின அப்பம் நாலாவது. அதன்பின் பாவப் பொறுத்தல், சோதனையில் காவல், தீமையிலிருந்து இரட்சிப்பு. சீஷர்கள் செபிக்கக் கற்றுத் தரும்படி கேட்டபோது ஆண்டவர் தமது வாயாலேயே அமைத்துக்கொடுத்த ஒழுங்கு இது. மனிதனுடைய நல்ல சீவியத்துக்கு எது முன், எது பின் என்கிற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் வேறில்லை.

அப்பம் தள்ளப்படவில்லை

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாய்ச் சொல்லிவிட வேண்டும். ஆண்டவர் கற்பித்த செபத்தில் அப்பத்துக்கு இடமுண்டு. சோறு, துணி, கூரை, சம்பளம், பிள்ளைகளின் படிப்பு இவையெல்லாம் தாழ்ந்த காரியங்கள், பக்தியுள்ளவன் இவற்றைப் பேசவே கூடாது என்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை. சரீரமும் உலகப் பொருளும் தம்மிலே தீயவை என்று பழைய காலத்தில் மனிக்கேயர் என்னும் பதிதர் சொன்னார்கள். அர்ச். அகுஸ்தீன் மனந்திரும்புமுன் ஏறக்குறைய ஒன்பது வருஷம் அந்தக் கூட்டத்தாரோடு சேர்ந்திருந்தவர். பின்பு அவரே அந்தத் தப்பறையை எதிர்த்துப் பல நூல்கள் எழுதினார். சர்வேசுரன் உண்டாக்கியவை எல்லாம் நல்லவை என்பதே நம் விசுவாசம்.

நம் ஆண்டவருடைய நடத்தையைப் பாருங்கள். நாசரேத்தில் தச்சு வேலை செய்து கைகாய்த்தவர். பசித்து நின்ற ஐயாயிரம் பேரை வெறும் பிரசங்கத்தோடு அனுப்பிவிட அவருக்கு மனம் வரவில்லை. யாயீருடைய மகளை மரணத்திலிருந்து எழுப்பினவுடனே அவர் சொன்ன காரியம், குழந்தைக்குச் சாப்பிட ஏதேனும் கொடுங்கள் என்பதே. இவ்வளவு பெரிய புதுமை நடந்த அதிசயத்தில் பெற்றோர் மறந்திருக்கக்கூடிய பசியை அவர் மறக்கவில்லை. உயிர்த்தெழுந்த பிறகும், இரவெல்லாம் வலைவீசிக் களைத்து வந்த சீஷர்களுக்குக் கரையிலே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஆகையால் குடும்பத்துக்காகப் பாடுபடுகிற தகப்பனும், அடுப்படியில் வேகிற தாயும் ஞான சீவியத்துக்கு வெளியே நிற்கிறவர்கள் அல்ல. அப்பத்துக்காக உழைப்பது பாவமல்ல, கடமை. அப்பம் நாலாம் இடத்தை விட்டு எழுந்து முதலாம் இடத்தில் உட்காரும்போதுதான் கேடு தொடங்குகிறது.

முதலிடம் பிடித்த அப்பம்

அப்படி உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு லூக்காஸ் எழுதின சுவிசேஷம் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஒரு வழக்கு இருக்கிறது. ஜனக்கூட்டத்தில் ஒருவன் ஆண்டவரிடம் வந்து, தன் சகோதரன் பிதிரார்ஜிதத்தில் தனக்குரிய பாகத்தைக் கொடுக்கும்படி புத்தி சொல்ல வேண்டுமென்று கேட்டான். நம் ஊரில் அன்றாடம் கேட்கிற பேச்சுத்தான். ஆண்டவர் பாகப்பிரிவினைக்கு மத்தியஸ்தராய் உட்கார மறுத்தார். மறுத்துவிட்டு, அமோக விளைச்சல் கண்ட ஒரு பணக்காரனுடைய கதையைச் சொன்னார்.

அந்தப் பணக்காரன் திருடினான் என்றோ, கூலியை ஏய்த்தான் என்றோ கதையில் இல்லை. அவன் நிலம் விளைந்தது, அவ்வளவுதான். ஆனால் அவன் பேச்சைக் கவனியுங்கள். என் விளைச்சல், என் களஞ்சியம், என் சொத்து, என் ஆத்துமம் என்று எல்லாம் 'என்' என்கிற ஒரே சொல்லில் அடங்கிவிட்டது. மழை பெய்வித்தவரை நினைக்கவில்லை. அறுத்துக் களம் சேர்த்த ஆட்களை நினைக்கவில்லை. பழைய களஞ்சியத்தை இடித்துப் பெரிதாய்க் கட்ட இடம் தேடினவனுக்கு, பக்கத்து வீட்டு வெறும் பானை கண்ணில் படவேயில்லை. அன்றிரவே அவன் உயிர் கேட்கப்பட்டது.

இதற்கு எதிராகப் பரலோக மந்திரம் எப்படிப் பேசுகிறது என்று பாருங்கள். 'எனக்கு' என்கிற வார்த்தையே அதில் கிடையாது. எல்லாம் 'எங்களுக்கு'. கேட்பதும் களஞ்சியமல்ல, அன்றைக்குரிய அப்பம். பூட்டிவைத்த என் பானையில் மிஞ்சுகிற சோறு, அந்த 'எங்களுக்கு' என்ற சொல்லில் அடங்கின இன்னொருவனுடைய பங்காயிருக்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அப்பத்துக்கு அடுத்தபடியே வருவது பாவப் பொறுத்தல். நம் குற்றம் பொறுக்கப்பட வேண்டுமானால் நாம் பிறர் குற்றத்தைப் பொறுக்க வேண்டும் என்பது அதிலுள்ள நிபந்தனை. அப்பம் முதலாவதாகிவிட்ட வீட்டில் இந்த ஐந்தாம் மன்றாட்டுக்கு இடமிராது. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் ஒரு முழ வரப்புக்காகப் பத்து வருஷம் பேசாமலிருக்கிறார்கள். தாயின் அடக்கப் பூசையில்கூட ஒருவன் ஒரு பக்கமும், மற்றவன் மறு பக்கமுமாய் நிற்கிறார்கள். இருவரும் வாய்விட்டுப் பரலோக மந்திரம் சொல்லுகிறார்கள். அவர்களுக்கு நடுவே கிடப்பது அந்த ஒரு முழ நிலந்தான். நீதியாய் வரவேண்டிய பங்கைக் கேட்பது குற்றமல்ல. ஆனால் பங்கு வந்து, சகோதரன் போய்விட்டால், லாபக் கணக்கை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

பசிக்கு வயிறுண்டு, ஆசைக்கு இல்லை

உலகப் பொருள் ஏன் முதலிடத்தில் நிற்கத் தகுந்ததல்ல? கேட்கிறவன் விசுவாசியாயிராவிட்டாலும் ஒப்புக்கொள்ளக்கூடிய நியாயம் ஒன்றை, 1274-ம் ஆண்டில் மரித்த அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் காட்டுகிறார். செல்வம் இரண்டு விதம். சோறு, தண்ணீர், துணி, வீடு போல நம் சுபாவத்தின் குறையை நேரே தீர்ப்பது ஒன்று. அவற்றை மாற்றிக்கொள்ள மனிதர் ஏற்படுத்தின பணம் மற்றொன்று. முதலாவதின் மேலுள்ள ஆசைக்கு ஓர் எல்லை உண்டு. வயிறு நிறைந்தவனுக்கு அடுத்த பிடி வேண்டாம். பணத்தின் மேலுள்ள ஆசைக்கோ அப்படிப்பட்ட வயிறு ஒன்றும் இல்லை. எவ்வளவு போட்டாலும் நிறைந்தது என்று சொல்ல உள்ளே ஆள் கிடையாது.

இன்னும் ஒரு வித்தியாசம் சொல்லுகிறார். உலகப் பொருள் கைக்கு வருமுன் பெரிதாய்த் தோன்றும், வந்தபின் சிறுத்துப்போகும். உடனே மனம் வேறொன்றைத் தேடும். சைக்கிள் வைத்திருந்தவன் மோட்டார் சைக்கிளை நினைத்து ஏங்கினான். அது வந்தபின் கார் கண்ணை உறுத்துகிறது. சர்வேசுரனோ இதற்கு நேர் விரோதம். அவரை எவ்வளவு அதிகமாய் அடைகிறோமோ, அவ்வளவு அதிகமாய் நேசிக்கிறோம். அவரைக் கண்டு அலுத்துப்போய் வேறொன்றைத் தேடிப் போன அர்ச்சியசிஷ்டவர் ஒருவருமில்லை. கிட்ட வரச் சிறுத்துப்போகிற ஒன்றை வாழ்க்கைக்கு முடிவான கதியாய் வைத்துக்கொள்வது பக்திக்கு மட்டுமல்ல, புத்திக்கும் விரோதம்.

பசித்தவனுக்கு இந்தப் பிரசங்கமா?

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும்பும். "சாமி, அரிசிப் பானை நிறைந்தவர்களுக்கு இதெல்லாம் சரி. அன்றாடங் கூலிக்குப் போகிறவனிடம் ஆத்துமம் முந்தி, அப்பம் பிந்தி என்று சொல்லலாமா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

பதில் இது. ஆண்டவர் கற்பித்த ஒழுங்கு ஒவ்வொருவனும் தன் மனதுக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய ஒழுங்கு. அதை எடுத்து அயலானுடைய வயிற்றின் மேல் சட்டமாய் வைக்க யாருக்கும் அதிகாரமில்லை. குளிரில் நடுங்குகிற சகோதரனுக்குத் துணி கொடாமல் நல்வார்த்தை மட்டும் சொல்லி அனுப்புகிறவனை அர்ச். யாகப்பர் தமது நிருபத்தில் கடிந்துகொள்ளுகிறார். கடைசி நாளிலும் ஆண்டவர் நம்மிடம் கேட்கப்போவது பசித்தவனுக்குக் கொடுத்த சோற்றையும், தாகித்தவனுக்குக் கொடுத்த தண்ணீரையும் பற்றித்தான். ஆகவே என் அப்பத்தை நாலாவதாய் வைப்பது என் கடமை. ஏழையின் அப்பத்தைத் தாமதிப்பது பாவம்.

13-ம் லெயோ என்னும் சிங்கராயர் பாப்பரசர் 1891-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி தொழிலாளருடைய நிலைமையைப் பற்றி ஒரு நிருபம் எழுதினார். சிக்கனமும் ஒழுக்கமுமுள்ள தொழிலாளி ஒருவன் பிழைக்கப் போதாத கூலியை, அவனே சம்மதித்தாலும், நியாயமான கூலி என்று சொல்லலாகாது என்று அதில் போதித்தார். ஞாயிறு ஓய்வையும் அதே நிருபத்தில் தொழிலாளியின் உரிமையாக வற்புறுத்தினார். ஏனென்றால் தொழிலாளிக்கும் ஆத்துமம் உண்டு. அதைச் சர்வேசுரன் முன்னிலையில் கொண்டுவந்து நிறுத்த நேரம் கொடாத முதலாளி, கூலியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டவனைப்போலவே அநியாயக்காரன். 2025-ம் ஆண்டு மே மாதத்தில் தெரிந்தெடுக்கப்பட்ட 14-ம் லெயோ பாப்பரசர், தாம் அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டதற்கு அந்த நிருபமும் ஒரு காரணம் என்று சொன்னார். வீட்டு வேலைக்காரிக்கு ஞாயிறு காலையில் பூசை காண நேரம் விடாமல் தாம் மட்டும் முன்வரிசையில் முழங்காலிடுகிறவர்கள் இதை யோசிக்கக்கடவார்கள்.

மாடு போனது, சர்வேசுரன் வந்தார்

ஒழுங்கைச் சொல்லிக் கொடுப்பது எளிது. அதன்படி நடந்து காட்டின ஒருவர் நம் நாட்டிலேயே இருக்கிறார். கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-ம் ஆண்டு பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் அரண்மனை உத்தியோகம் பார்த்தவர். வசதியுள்ள வீடு. அந்த வீட்டுக்குக் கஷ்டகாலம் வந்தது. கால்நடைகள் மடிந்தன, நஷ்டத்தின் மேல் நஷ்டம் வந்தது. 1741-ல் குளச்சல் சண்டையில் பிடிபட்டுப் பின்பு அந்த அரசருக்கே படைத்தலைவராய் உழைத்த டிலனாய் என்னும் கத்தோலிக்கர், வாடின முகத்தோடிருந்த நீலகண்டனுக்கு யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார். அதைக் கேட்டவர் தேடத் தொடங்கினார். 1745-ம் ஆண்டு மே 14-ந் தேதி வடக்கன்குளத்தில் சேசுசபைக் குருவானவர் புத்தாரி சுவாமியின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் பெயருக்குச் சரியாய்த் தமிழில் தேவசகாயம் என்று பெயர் பெற்றார்.

இங்கே ஒரு விஷயம் நம் கவனத்துக்குரியது. யோபுவுக்கு இழந்த சொத்து இரட்டிப்பாய்த் திரும்பக் கிடைத்ததென்று வேதாகமம் சொல்லுகிறது. தேவசகாயத்துக்கு அப்படிக் கிடைக்கவில்லை. மாட்டை இழந்து வந்தவர் உத்தியோகத்தையும் இழந்தார். சாதி பாராமல் எல்லாரோடும் சமமாய்ப் பழகினதால் மேன்மக்களின் தயவை இழந்தார். 1749-ல் விலங்கிடப்பட்டார். எருமைக் கடாவின்மேல் ஏற்றி ஊர் ஊராய் அவமானப்படுத்தப்பட்டார். வேதத்தை விட்டால் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று ஆசை காட்டியும் இணங்கவில்லை. 1752-ம் ஆண்டு சனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழிக்கடுத்த காற்றாடி மலையில் சுடப்பட்டு மரித்தார். கோட்டாறு அர்ச். சவேரியார் கோயிலில் அடக்கம் பண்ணப்பட்டார். 2022-ம் ஆண்டு மே 15-ந் தேதி, நம் நாட்டு இல்லறத்தாருள் முதலாவதாக அவர் அர்ச்சியசிஷ்டராகப் பிரகடனம் செய்யப்பட்டார்.

மாட்டுக்காக அவர் சர்வேசுரனைத் தேடியிருந்தால், மாடு வராதபோதே சர்வேசுரனை விட்டிருப்பார். நாலாம் மன்றாட்டு கேட்கப்படாமற்போன இடத்திலும் அவர் முதல் மூன்று மன்றாட்டுக்களை விடவில்லை. நாமோ நவநாளுக்கு மேல் நவநாள் செய்கிறோம். வேலை கிடைக்க வேண்டும், விசா வர வேண்டும், வீடு முடிய வேண்டும் என்று கேட்கிறோம். கேட்பதில் தப்பில்லை, பிள்ளை தகப்பனிடம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்டது வராவிட்டால் கோயில் வாசலை மிதிக்காதவன் கும்பிட்டது யாரை? ஆண்டவரையா, அவர் கையிலிருந்த அப்பத்தையா?

நம் வீட்டுக் கணக்கு

இனி நம் வீட்டுக்கு வருவோம். வனாந்தரத்தில் இஸ்ராயேல் மக்களுக்கு மன்னா கிடைத்தபோது, நாளைக்கென்று பதுக்கினது புழுத்துப்போனது. ஆனால் ஆறாம் நாளில் இரண்டு பங்கு கிடைத்தது. ஓய்வுநாளுக்கென்று வைத்ததோ கெடவில்லை. அதையும் நம்பாமல் ஏழாம் நாளில் பொறுக்கப் போனவர்கள் வெறுங்கையாய்த் திரும்பினார்கள். அப்பத்தைத் தருகிறவருக்கு ஒரு நாளைக் கொடுத்தால் அப்பம் குறையாது என்பதே அந்தப் பாடம்.

ஆஸ்பத்திரியில் முறைவேலை பார்க்கிற மகளுக்கும், பஸ் ஓட்டுகிற தகப்பனுக்கும் ஞாயிறு காலை தன் கையிலில்லை. திருச்சபை தாய். அந்த அவசரங்களை அறியும், சனி மாலைப் பூசையையும் கொடுத்திருக்கிறது. அவர்களைப்பற்றி நான் பேசவில்லை. பத்தாம் வகுப்புக்கு வந்தவுடன் பையனை ஞானோபதேசத்திலிருந்து நிறுத்தி, ஞாயிறு காலையில் டியூஷனுக்கு அனுப்புகிற பெற்றோரைப்பற்றிப் பேசுகிறேன். பிள்ளையின் நன்மைக்காகவே செய்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் பிள்ளை அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொள்ளுகிறான். அவசரம் வந்தால் முதலில் விட்டுவிடக்கூடியது சர்வேசுரன்தான் என்பதே அந்தப் பாடம். எந்தப் பரீட்சையிலும் கேட்காத இந்தப் பாடத்தை அவன் ஆயுசுக்கும் மறக்கமாட்டான். முதிர்ந்த வயதில் பெற்றோரே அவனுக்கு அவசரமற்ற காரியமாகும்போது, எங்கே கற்றான் என்று தேட வேண்டியதில்லை.

கலியாணத்திலும் இதே கதைதான். மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்கப்படுகிறது. அதற்கு முன்பே நகைக்கும் ரொக்கத்துக்கும் பேச்சு முடிந்துவிடுகிறது. 1961-ம் ஆண்டுச் சட்டம் வரதட்சணையைக் குற்றமென்கிறது. பீடத்தின் முன் ஒரு தேவதிரவிய அநுமானத்தைப் பெறப்போகிறவர்களுக்குச் சட்டம் வந்தா இதைச் சொல்ல வேண்டும்? அப்பத்தை முதலில் பேசி முடித்துவிட்டு, சர்வேசுரனை நாலாவதாய் ஆசீர்வதிக்க அழைக்கிறோம்.

பரிகாரம் கடினமானதல்ல. நம் பாட்டிமாருக்கு அது தெரிந்திருந்தது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து, தனிக் கலயத்தில் கோயிலுக்கும் ஏழைக்கும் என்று வைத்தார்கள். பிடியரிசி என்பது அதன் பெயர். வீட்டில் அரிசி தாராளமாய் இருந்ததினால் வைத்தவர்கள் அல்ல. அரைவயிற்றுக் கஞ்சி குடித்த வீடுகளிலும் அந்தக் கலயம் இருந்தது. எல்லாரும் உண்டபின் மிஞ்சினதை எடுத்திருந்தால் அது மிச்சமாயிருக்கும். உலைக்கு முன் எடுத்ததால் அது காணிக்கை.

அந்தப் பிடியை இன்றைக்கு மூன்று விதத்தில் எடுக்கலாம். சம்பளம் வந்த அன்றே, மற்றச் செலவுக்கு முன், ஏழைக்கென்று ஒரு தொகையைத் தனியே வையுங்கள். அது சிறியதாயிருந்தாலும் பாதகமில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் செல்போன்களை எல்லாம் ஒரு மூலையில் வைத்துவிட்டு, குடும்பமாய் முழங்காலிட்டு ஜெபமாலை சொல்லுங்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது சொல்லுவது மிச்சம். ஞாயிறு பூசையை வாரத்தின் முதல் வேலையாய் வைத்து, மற்ற வேலைகளை அதைச் சுற்றி அடுக்குங்கள். பேச்சு அறுந்துபோன சகோதரன் ஒருவன் இருந்தால், அடுத்த பூசைக்கு முன் அவன் வீட்டுப் படியேறுங்கள். அந்த ஒரு முழ நிலத்தைவிட அந்தப் படி பெரிதல்ல.

இன்றிரவு பரலோக மந்திரம் சொல்லும்போது மூன்றாம் மன்றாட்டு முடிந்தவுடன் ஒரு மூச்சு நிறுத்துங்கள். மூன்றையும் உண்மையாய்க் கேட்டோமா என்று மனதைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் அப்பத்தைத் தாராளமாய்க் கேளுங்கள். கேட்டுவிட்டு, ஐந்தாம் மன்றாட்டுக்குத் தைரியமாய்ப் போங்கள்.

சர்வேசுரன் உங்கள் எல்லாரையும், உங்கள் உழைப்பையும், உங்கள் அடுப்பையும் ஆசீர்வதிக்கக்கடவார்.

உங்கள் பங்குச் சுவாமி